பைகளுக்குக் காவல் இருந்தவர்

கேள்வி: என் தம்பிக்கு ஆவணியில் திருமணம். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டியவள் நான் என்பதால், நல்ல பட்டுப்புடவை ஒன்று எடுக்க நினைத்துக் காஞ்சிபுரத்தில் இரண்டு நாட்களும் சென்னை தியாகராய நகரில் இரண்டு நாட்களும் அலைந்தேன். 25,000 ரூபாய் வரை செலவிடத் தயாராக இருந்தும் ஒன்றும் அமையவில்லை. கடை விளக்கில் ஒரு நிறம், வாசலுக்கு வந்தால் வேறு நிறம். நிறம் பிடித்தால் கரை பிடிக்கவில்லை. இரண்டும் பிடித்தால் விலை எட்டவில்லை. சம்பந்தி வீட்டுப் பெண்கள் எல்லாரும் விலையுயர்ந்த பட்டு எடுத்திருக்கிறார்களாம். ரவிக்கையில் ஆரி வேலை செய்ய இனி நாளில்லை என்று தையற்காரர் கைவிரிக்கிறார். மற்ற எல்லாருக்கும் எடுத்தாகிவிட்டது. அம்மாவுக்குக்கூட, அவர் கீழே பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில், சந்தன நிறத்தில் 1,800 ரூபாய்க்கு ஒன்று நாங்களே எடுத்துவிட்டோம். அப்பா போனதிலிருந்து அவர் எதைக் கொடுத்தாலும் கட்டிக்கொள்வார். எனக்கு மட்டும்தான் அமையவில்லை. இரவில் தூக்கம் வருவதில்லை. என்ன செய்வது? (வேலூர் வாசகி)

பதில்: முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் இந்தக் கடிதம் ஊரும் பெயரும் மாறி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில், தனக்குப் புடவை அமையவில்லை என்பதற்காக முகூர்த்தத்துக்கு வராமல் போன பெண் ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. உங்களுக்கும் ஒரு புடவை அமையும். அதைப் பற்றி இப்போது நான் பேசப் போவதில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அம்மாவைப் பற்றிய அந்த ஒரு வாக்கியம்தான். அவர் கீழே பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று, கடைக்கு எதிரே பேருந்து நிறுத்தம் இருந்தது என்பதைப் போல, எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். சகோதரி, இந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய் அவர். உங்கள் தம்பியைப் பெற்று வளர்த்து, கணவரை இழந்த பிறகும் தளராமல் இருந்து, இன்று அவனை மணமேடையில் உட்கார வைக்கப் போகிறவர். அவரைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் இரண்டு பை, காலடியில் நான்கு பை என்று வைத்துவிட்டு நீங்கள் எல்லாரும் மாடியேறிப் போயிருக்கிறீர்கள். உங்கள் ஒருவர் புடவைக்கு நான்கு நாட்கள்; அவருடைய புடவைக்கு, நீங்கள் எழுதியிருக்கும் தோரணையைப் பார்த்தால், பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட அவரை அழைக்கவில்லை.

எதைக் கொடுத்தாலும் கட்டிக்கொள்வார் என்கிறீர்கள். அப்பா இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான் இருந்தாரா? உங்கள் சிறு வயதுத் தீபாவளிகளை நினைத்துப் பாருங்கள். மாம்பழ மஞ்சளா, அரக்கா, மயில்கழுத்தா, அவருக்கென்று ஒரு நிறம் இருந்திருக்கும். அதைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கியும் இருப்பார். கணவர் இறந்த அன்றே ஒரு பெண்ணின் கண்ணுக்கு நிறம் தெரியாமல் போய்விடுவதில்லை. சுற்றியிருக்கும் நாம்தான் ஒவ்வொரு விசேஷத்துக்கும் வெளிர் நிறமாக, கரை மெலிந்ததாக, விலை குறைந்ததாக ஒன்றை வாங்கி நீட்டி, இனி உனக்கு இது போதும் என்று வாய் திறக்காமல் சொல்லி வந்திருக்கிறோம். கொடுத்ததைக் கட்டிக்கொள்ள அவரைப் பழக்கியதும் நாம்தான். பிறகு அதையே அவருடைய சுபாவம் என்று எழுதுவது நியாயமே இல்லை.

இதைக் கடுமையாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் திருமணத்தில் என் அத்தை, சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், மூன்று நாட்களும் உக்கிராண அறையில் இருந்து தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் கணக்குப் பார்த்தார். என்னைத் தூக்கி வளர்த்தவர் அவர். ஆல்பம் வந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிய பிறகுதான் ஒரு படத்திலும் அத்தை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவரை மேடைக்கு அழைக்க வேண்டும் என்று மணப்பெண்ணான எனக்கே தோன்றவில்லை. அத்தை இன்று இல்லை, அந்த ஆல்பத்தை நான் எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

மணமேடையில் அம்மா எங்கே நிற்பார் என்பதைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பெரியப்பாவும் பெரியம்மாவும் முன்னால் நிற்க, அவர் கூட்டத்தோடு கூட்டமாக அட்சதை போட்டுவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போவார் என்று ஏற்பாடாகியிருந்தால், அதையும் மாற்றுங்கள். கணவரை இழந்த பெண் வந்தால் தீட்டு என்று கோயில் வாசலில் தடுத்தவர்கள்மீது ஈரோடு மாவட்டத்துப் பெண்மணி ஒருவர் தொடுத்த வழக்கில், சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாகரிகச் சமூகத்தில் இதற்கு இடமே கிடையாது என்று 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. கோயிலிலேயே செல்லாத ஒரு தடையைக் கல்யாண மண்டபத்துக்குள் காப்பாற்றி வைக்க நாம் யார்? பெரியவர்கள் யாராவது முகம் சுளித்தால், பெற்றவள் கையால் விழும் அட்சதைதான் என் தம்பிக்கு முதலில் வேண்டும் என்று, மூத்த பெண்ணான நீங்கள் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் வீட்டுக்கு மூத்தவள் என்று பெயர்.

சம்பந்தி வீட்டார் விலையுயர்ந்த பட்டு எடுத்திருந்தால் எடுத்துவிட்டுப் போகட்டும். முதல் முடிச்சைத் தம்பி போட்ட பிறகு, மணப்பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நின்று அடுத்த இரண்டு முடிச்சுகளை நீங்கள் போடும் அந்த நிமிடத்தில், சபையில் ஒருவருடைய கண்ணும் உங்கள் கரையின்மீது இருக்காது. ஆனால் முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய் செயற்கைப் பட்டில் உட்கார்ந்திருப்பதை அந்தப் பெண்கள் கட்டாயம் பார்ப்பார்கள். நாளை அந்த வீட்டுக்கு வரப்போகும் மருமகளும் பார்ப்பாள்; இந்த வீட்டில் மாமியாருக்கு என்ன மரியாதை என்பதை அன்றைக்கே தெரிந்துகொள்வாள்.

ஆகையால் ஐந்தாவது நாளாக இன்னொரு முறை போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஆடித் தள்ளுபடிக் கூட்டமும் வேண்டாம். வார நாளில், கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள். தியாகராய நகர் வரை ஓட வேண்டியதில்லை. வேலூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஆரணி இருக்கிறது. காஞ்சிப் பட்டைவிடக் கனம் குறைந்த, விலையும் இறங்கிய நல்ல பட்டுகள் அங்கே நெய்யப்படுகின்றன, வயதானவர்கள் நாள் முழுவதும் கட்டியிருக்கவும் அவை சுகமாக இருக்கும். காஞ்சிப் பட்டுதான் வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் பாருங்கள். பட்டு சுத்தமானதா என்பதற்குச் சில்க் மார்க் சீட்டைப் பாருங்கள். அந்த 25,000 ரூபாயை இருவருக்குமாகப் பங்கிடுங்கள். ஜரிகை குறைந்த புடவையாக எடுத்தால் இரண்டு பேருக்கும் அதில் அடங்கும்.

முதல் புடவை அம்மாவுக்கு. அவரைப் பாயில், விற்பனையாளருக்கு நேர் எதிரே உட்கார வையுங்கள். எனக்கு எதற்கு, அதுதான் ஒன்று எடுத்துவிட்டீர்களே என்று அவர் சொல்வார். சொல்லாமல் இருக்க மாட்டார். அந்தப் பேச்சைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறங்களைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, நீங்கள் வாயை மூடிக்கொண்டு அவர் கையை மட்டும் கவனியுங்கள். ஒரு புடவையின் முந்தியைத் திருப்பி, உட்புறத்தில் இழை எப்படி ஓடுகிறது என்று பார்ப்பார். உடலும் கரையும் சேரும் கோர்வையை விரலால் நீவுவார். மடித்து வைத்துவிட்டு வேறொன்றைப் பார்ப்பார். சற்று நேரத்தில் அந்தக் கை மறுபடியும் முதல் புடவைக்கே போகும். அதை எடுங்கள். எல்லாவற்றையும் பார்த்த பிறகும் சந்தன நிறமே வேண்டுமென்று அவராகக் கேட்டால், தாராளமாக அதையே எடுங்கள், நல்ல பட்டில்.

பிறகு உங்கள் புடவையையும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கடை விளக்கு ஏமாற்றுகிறது என்கிறீர்களே, பிடித்த இரண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து அம்மாவின் தோளில் ஒன்றும் உங்கள் தோளில் ஒன்றுமாகப் போட்டுப் பாருங்கள். கேட்டால் கடைக்காரர்கள் மறுப்பதில்லை. நான்கு நாட்களாக உங்களால் முடிவெடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் கடைகளில் இல்லை என்றே நினைக்கிறேன். பட்டு பார்த்துப் பழகிய கண்ணை நீங்கள் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தீர்கள்.

ஆரி வேலை வேண்டாம். கோர்வைக் கரை உள்ள புடவைக்குப் புடவையோடு வரும் ரவிக்கைத் துணியே போதும். வேலைப்பாடு இல்லாத ரவிக்கை என்றால் தையற்காரரும் நாளில்லை என்று சொல்ல மாட்டார். அம்மாவின் அளவு ரவிக்கை ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள். பழைய ரவிக்கை இப்போது தொளதொளவென்று இருக்கலாம், அதனால் அவரையும் கூட்டிப் போய்ப் புதிதாக அளவெடுப்பது இன்னும் நல்லது. இரண்டு புடவைகளையும் ஒரே நாளில் ஓரம் அடிக்கவும் குச்சம் கட்டவும் கொடுத்துவிட்டு, தையற்காரரிடம் அம்மாவின் ரவிக்கையை முதலில் தைக்கச் சொல்லுங்கள்.