வாசகர் கேள்வி: கடை மேசையிலிருந்து சபைக் கதிரைக்கு

கேள்வி: புதுக்குடியிருப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பிரதேச சபைக்கு நில்லுங்கோ, பிறகு மாகாண சபை, நாடாளுமன்றம் என்று போகலாம் என்கிறார்கள். எங்கே தொடங்குவது? கடையை மூட வேண்டி வருமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: பிரதேச சபையிலேயே தொடங்குங்கள். மாகாண சபையை இப்போதைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். 38 உறுப்பினர் கொண்ட வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது. 2017இல் மாற்றிய தேர்தல் முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்தில் தோற்றதால் அடுத்த தேர்தல் இழுபட்டுப் போனது.

பிரதேச சபையில் 60 வீத ஆசனங்கள் வட்டாரங்களுக்கு, 40 வீதம் கட்சி அல்லது குழு கொடுக்கும் மேலதிகப் பட்டியலுக்கு. உங்களிடம் சாமான் வாங்கும் வீடுகளே பெரும்பாலும் உங்கள் வட்டாரம். கடைக்காரருக்கு இதைவிட வாய்ப்பான தேர்தல் இல்லை. ஆனால் தனி ஆளாக நிற்க முடியாது. சுயேச்சை என்றாலும் எல்லா வட்டாரங்களுக்கும் ஆள் போட்டு, மேலதிகப் பட்டியலையும் நிரப்ப வேண்டும். வட்டாரப் பட்டியலில் 10 வீதம், மேலதிகப் பட்டியலில் 50 வீதம் பெண்கள். ஒருவருக்குக் கட்டுப்பணம் கட்சிக்கு 1,500 ரூபா, சுயேச்சைக்கு 5,000.

வேட்பு மனுக்கள் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் கடதாசிப் பிழையால்தான். சத்தியக்கூற்றில் கையொப்பம் விடுபடும், ஆள் தொகை குறையும். 2025இல் இளையோரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரச்சினையால் பல மனுக்கள் நிராகரிக்கப்பட்டு வழக்கு வரை போயின. கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

கடையை மூட வேண்டியதில்லை. ஆனால் அது சபையின் கடைத்தொகுதியில் இருந்தாலோ, சபைக்குச் சாமான் கொடுத்து வந்தாலோ, மனுவில் ஒப்பமிட முன் சட்டத்தரணியைப் பாருங்கள். சபையுடனான ஒப்பந்தத்தால் பயன்பெறுவது தகுதியைப் பறிக்கலாம். அதைவிடக் கவனம் வேண்டியது கடன் கொப்பி. வாக்குக்காகப் பழைய கடனை வெட்டிவிடுவது இலஞ்சம்; வென்ற ஆசனமே போய்விடும். கடைக் கணக்கையும் தேர்தல் கணக்கையும் வேறு வேறாக வையுங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள், தோற்றவரும் செலவறிக்கை கொடுக்க வேண்டும்.

நாடாளுமன்றம் வேறு விளையாட்டு. வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது. 6 ஆசனங்களுக்கு ஒரு பட்டியலில் 9 பேர். பட்டியலுக்குள் தனி ஆளுக்குப் போடும் விருப்பு வாக்குக்கு உங்கள் கட்சிக்காரரோடேயே மல்லுக்கட்ட வேண்டும். தலைமன்னாரில் உங்கள் இலக்கத்துக்குப் புள்ளடி போட ஆட்கள் சேரும் வரை அந்தப் பட்டியலில் ஏறாதீர்கள்.