பாய்ப்படகுக்குப் பவுடர் கோட்டிங் போடலாமா?

கேள்வி: பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். அலுமினியப் பாய்மரத்தில் திருகுகளைச் சுற்றி மட்டும் வெள்ளையாகப் பூத்து, பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாமான்களில் பழுப்புக் கறை, நங்கூரத்தில் துரு. எல்லாவற்றையும் கழற்றிப் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) கொடுத்துவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரியா?

பதில்: வேண்டாம். மூன்றும் மூன்று விதமாகக் கெடுகின்றன, ஒரே பூச்சு சரிப்படாது.

முதலில் பாய்மரம். திருகைச் சுற்றி மட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. அலுமினியமும் ஸ்டீலும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத்தண்ணீரும் நின்றால் அது ஒரு பேட்டரி, அதில் கரைவது அலுமினியம்தான். மேலே எந்தப் பூச்சு இருந்தாலும் துளைக்குள் இரண்டும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், பவுடர் கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தாலோ தண்ணீர் அடியில் புகுந்து, வெளியே பளபளப்பாகத் தெரியும்போதே உள்ளே அரித்துக்கொண்டு போகும்.

அலுமினியத்துக்கு என் ஓட்டு அனோடைஸிங்குக்குத்தான். கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தும்போது உலோகத்தின் மேல்பரப்பே ஆக்ஸைடாக மாறுகிறது, அதனால் உரிவதற்குத் தனியாகத் தோல் கிடையாது. கடலுக்கு 20 முதல் 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமன் கேளுங்கள், அலங்காரத்துக்குப் போடும் மெல்லிய அளவு போதாது. பாய்மரம் முழுசாக முங்கும் தொட்டி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் ஒரு ஸ்டீல் திருகுகூட அதில் இருக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் வெறும் உலோகம் வரை தேய்த்து, தாமதிக்காமல் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்து, மேலே டூ-பேக் பாலியூரிதேன், அதாவது இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயின்ட். எதைச் செய்தாலும், திரும்பப் பூட்டும்போது ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் நைலான் தகடு, திருகு மரையில் இரண்டு உலோகத்தையும் பிரித்துவைக்கும் டெஃப்-ஜெல் அல்லது டூராலாக் களிம்பு வையுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் தண்டச் செலவு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பூச்சே கூடாது. காற்றுப் பட்டால்தான் அதைக் காக்கும் குரோமியம் ஆக்ஸைடு படலம் நிலைக்கும், மூடிவைத்தால் இடுக்கில் ஈரம் தங்கிக் குழி விழும். கறையைச் சிட்ரிக் அமிலக் கரைசலால் துடைத்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். புதுசு வாங்கினால் 316 என்ற ரகம் கேளுங்கள், உப்புத்தண்ணீரில் குழி விழுவதைத் தடுக்க உதவும், சாதாரண 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் அதில் 2 முதல் 3 சதவீதம் இருக்கிறது. பாய்மரத்தை இழுத்துக் கட்டும் சாமான்களில், வெல்டு ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் தெரிந்தாலும் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

நங்கூரத்துக்கு ஹாட் டிப் கால்வனைஸிங், அதாவது சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. பளிச்சென்று இருக்கும் ஜிங்க் பிளேட்டிங் (மின்சாரத்தால் ஏற்றும் துத்தநாகப் பூச்சு) ரொம்ப மெலிசு, மணலில் உரசியே போய்விடும். அப்புறம், சங்கிலியையும் சேர்த்துக் கொடுப்பதென்றால், கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எடுத்துத் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.