இருக்கையை 30 மி.மீ. இறக்குவதற்கு முன்

கேள்வி: என் உயரம் 190 செ.மீ. கூரையுள்ள, இரண்டு பேர் அமரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். சாலையில் ஓட்டும்போது சிக்கல் இல்லை. பந்தயத் தடத்தில் ஹெல்மெட் அணிந்தால் மட்டும் அது கூரையில் உரசுகிறது. கழுத்தைச் சாய்த்தபடியே ஓட்ட வேண்டியிருக்கிறது. ஓட்டுநர் இருக்கையை 30 மி.மீ. தாழ்த்தும் பிராக்கெட்டுகள் தனியாக விற்பனைக்குக் கிடைக்கின்றன. நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலைதான் என்கிறார்கள். நானே பொருத்தலாமா? என்னுடையது மோட்டாரால் நகரும் இருக்கை; பக்கவாட்டு ஏர்பேக் அதன் சாய்மானத்திலேயே இருக்கிறது.

பதில்: நான்கு போல்ட் என்பது உண்மைதான். கருவிகளைக் கையாண்டு பழகியவர் அரை நாளில் முடித்துவிடலாம். ஆனால் இந்த வேலையில் பிழை நேர்வது பெரும்பாலும் கழற்றும்போது அல்ல, பிராக்கெட்டை வாங்கும்போது. விளம்பரத்தில் இருக்கும் 30 மி.மீ. உங்கள் காரில் கிடைக்குமா என்பதை முதலில் பாருங்கள்.

இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் தடவினால் தெரியும்: மோட்டார், வயர் கட்டுகள், கனெக்டர்கள், சில கார்களில் காற்றுக் குழாய் என்று அந்த இடம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். இருக்கையை அதன் மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். தரை விரிப்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, விளையாட்டுக் களிமண்ணை உயரமான கூம்புகளாகப் பிடித்து நான்கைந்து இடங்களில் வையுங்கள். நீங்கள் அமர்ந்தபடியே இருக்கையை முன்கோடியிலிருந்து பின்கோடி வரை மெதுவாக நகர்த்துங்கள். ஆள் அமர்ந்தால் மெத்தையின் அடிப்பகுதி தொய்யும் என்பதால் வெறும் இருக்கையில் எடுக்கும் அளவு உதவாது. நசுங்கிய களிமண்ணில் மிகக் குட்டையானதுதான் உங்களுக்கு உண்மையில் இருக்கும் இடம். அது 22 மி.மீ. என்றால் 30 மி.மீ. பிராக்கெட்டால் பயனில்லை. மாட்டிய அன்றே ஏதோ ஒரு வயர் தேயத் தொடங்கும். சில மாதம் கழித்து ஏர்பேக் விளக்கு எரியும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

அதே அமர்வில் தலைப்பக்கத்தையும் அளந்துவிடுங்கள். ஹெல்மெட் அணிந்து, பெல்ட்டை இறுக்கி, வழக்கமாக ஓட்டும் சாய்வில் உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே 5 செ.மீ. இருந்தால் நிம்மதி. திறந்த கார் வைத்திருப்பவர்கள், கவிழ்ந்தால் தலையைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்புக்கு ஒரு துடைப்பக் கட்டையை வைத்து, ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் தேவை 15 மி.மீ.தான் என்று தெரியவந்தால் 15 மி.மீ. மட்டும் இறக்குங்கள். அதிகம் இறக்குவதால் எந்த லாபமும் இல்லை. புவியீர்ப்பு மையம் தாழ்கிறது, கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஓட்டுநரும் இருக்கையும் சேர்ந்து 100 கிலோ, கார் மொத்தம் 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 30 மி.மீ. இறக்கத்தில் காரின் மையம் தாழ்வது ஏறத்தாழ 2.3 மி.மீ. டயர் அதை உணராது.

அடுத்து, பாதுகாப்பு. இன்றைய கார்கள் பலவற்றில் பெல்ட்டின் கொக்கி தரையில் இல்லை. இருக்கைச் சட்டத்திலேயே பொருத்தப்பட்டு இருக்கையோடு நகர்கிறது. மோதலில் பெல்ட் உங்களைப் பிடித்து நிறுத்தும்போது, அந்த இழுவிசையில் ஒரு பெரும் பங்கு இருக்கைச் சட்டம், அது முன்னும் பின்னும் நகரும் ரெயில், பிராக்கெட், போல்ட் என்ற வழியாகத்தான் காரின் தரைக்குப் போய்ச் சேருகிறது. அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதி 207, இருக்கையின் எடையைப் போல 20 மடங்கு விசையை அதன் பொருத்துகள் தாங்க வேண்டும் என்கிறது. 25 கிலோ இருக்கைக்கு இது சுமார் 4,900 நியூட்டன், அதாவது அரை டன் எடை. விதி 210, மடியையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டில் மடிப்பட்டைக்கும் தோள்பட்டைக்கும் தலா 13,000 நியூட்டனுக்கு மேல் சோதனை விசை வைக்கிறது. பெல்ட் இருக்கையில் பொருத்தப்பட்டிருந்தால் இந்த இரண்டு விதிகளின் சுமைகளும் ஒரே நேரத்தில் வரும். நீங்கள் வாங்கப்போகும் இரும்புத் துண்டு இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதை வளைத்துத் துளையிட்டவர் இந்தக் கணக்கைப் போட்டாரா என்பதுதான் கேள்வி.

ஆகவே உங்கள் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் என்றே செய்த பிராக்கெட்டை, வலிமைச் சோதனை விவரத்தை எழுத்தில் தரும் தயாரிப்பாளரிடம் மட்டும் வாங்குங்கள். 'எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்' என்று நீள்துளை போட்டு விற்பவற்றைத் தொடாதீர்கள். மோதலின்போது நீள்துளையில் போல்ட் வழுக்கும். கூடவே வரும் போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைக் குறி இருக்க வேண்டும். பழைய போல்ட்டில் 10.9 இருந்து புதியதில் 8.8 இருந்தால் திருப்பி அனுப்புங்கள். எஃகு நட்டுக்குள் போல்ட் குறைந்தது தன் விட்டத்தின் அளவுக்காவது இறங்க வேண்டும். எம்10 என்றால் 10 மி.மீ. உயரத்தைச் சரிக்கட்ட வாஷர்களை அடுக்குவது, பழைய கால்களை அறுத்து வெல்டிங் செய்வது, இரண்டுமே கூடாது.

இனி வேலை. பலர் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிறகு மோட்டார் இருக்கை நகராமல் விழிப்பார்கள். வரிசை இது: சாவியைப் போட்டு இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி முன் போல்ட்டுகளைக் கழற்றுங்கள், முன்னுக்குக் கொண்டுவந்து பின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள், இருக்கையை நடுவில் நிறுத்துங்கள், கதவுக் கண்ணாடியை இறக்கிவையுங்கள், சாவியை எடுத்துவிடுங்கள். அதன் பிறகே பேட்டரியின் எதிர்மின்முனையை (மைனஸ்) கழற்ற வேண்டும். பேட்டரி முன்பக்கப் பெட்டிக்குள் இருந்து, அதன் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது என்றால், அந்த மூடியை எக்காரணம் கொண்டும் சாத்திவிடாதீர்கள். ஏர்பேக் அமைப்பில் மின்னேற்றம் சற்று நேரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பணிமனைக் கையேடு சொல்லும். அதை முழுமையாகக் கடைப்பிடியுங்கள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்குக்கும் பெல்ட் இறுக்கிக்கும் உரியவை. அவற்றைக் கழற்றிய நிலையில் சாவியைத் திருப்பினால் பிழைக் குறியீடு பதிவாகி விளக்கு அணையாமல் நிற்கும். அதை அழிக்க ஸ்கேனர் வேண்டும். அவற்றில் மின் சோதனைக் கருவி எதையும் வைக்காதீர்கள்.

மோட்டார் இருக்கை கனமானது. தலைசாய்ப்பைக் கழற்றி, கதவு நிலையின் மேல் தடித்த துணி போட்டு, இரண்டு பேராகத் தூக்குங்கள்.

பிராக்கெட்டை மாற்றித் திரும்ப வைக்கும்போது நான்கு போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருகுங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் இரண்டு ரெயில்களும் இணையாக நிற்காது. கையால் நகரும் இருக்கையில் இது ஆபத்தானது: ஒரு பக்கப் பூட்டு பல்லில் விழும், மறுபக்கம் விழாது, கடுமையாக பிரேக் பிடிக்கும்போது இருக்கை கோணிக்கொள்ளும். உங்கள் மோட்டார் இருக்கையில் முனகலும் இழுபறியுமாக அது தெரியவரும். மஞ்சள் கனெக்டர்களை மாட்டி, அதற்குப் பின் பேட்டரியை இணைத்து, இருக்கையைக் கோடிக்குக் கோடி நகர்த்திப் பார்த்து, கடைசியாக, எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். கைப்பதத்தை நம்பும் இடம் இதுவல்ல. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய போல்ட் என்று கையேடு சொன்னால் புதியதே போட வேண்டும். சில நாள் ஓட்டியபின் இறுக்கத்தை இன்னொரு முறை சரிபாருங்கள்.

தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்ததும் உலகம் கொஞ்சம் மாறியிருக்கும். தொடை மேல்நோக்கிச் சாயும், ஸ்டீயரிங் உயர்ந்ததுபோல் தோன்றும், பானெட்டின் நுனி மறையும். கண்ணாடிகளை எல்லாம் புதிதாகச் சரிசெய்யுங்கள். ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து நெஞ்செலும்பு வரை 25 செ.மீ.யாவது இருக்கட்டும். பெல்ட்டைக் கவனமாகப் பாருங்கள்: நீங்கள் இறங்கிவிட்டீர்கள், மேல் பிடிப்பு இறங்கவில்லை. பட்டை கழுத்தை அறுத்தால் இறக்கம் அதிகம் என்று பொருள். கொக்கி தரையில் பொருத்தப்பட்ட கார்களில் மடிப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடாமல் இடுப்பெலும்பின் மேல் படிகிறதா என்பதும் முக்கியம். இரு தோள்களையும் பிடிக்கும் பந்தயப் பெல்ட்டான ஹார்னஸ் போட்டிருந்தால் தோள்பட்டைகளின் கோணத்தை முழுவதும் மறுபடி அளக்க வேண்டும்.

மெத்தையின் பஞ்சைச் செதுக்கி உயரம் குறைக்கும் வழியும் உண்டு. பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கும் உயரமானவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள், செலவே இல்லை என்பதால். பின்பகுதியில் மட்டும் கொஞ்சம் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. முன்விளிம்பில் கை வைக்காதீர்கள். மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் சறுக்கிப் போகாமல் தடுப்பதில் அந்த மேட்டுக்குப் பங்கு உண்டு. மாற்றுப் பந்தய இருக்கை இன்னும் அதிகம் இறங்கும், ஆனால் பக்கவாட்டு ஏர்பேக்கை இழப்பீர்கள். சாலையிலும் ஓடும் காருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பயணியின் இருக்கையையும் அழகுக்காகச் சேர்த்து இறக்கலாம் என்று தோன்றும். சில கார்களில் அமர்ந்திருப்பவரின் எடையை உணரும் கருவி இருக்கையின் பொருத்துகளிலேயே இருக்கிறது. ஏர்பேக் விரிய வேண்டுமா என்பது அதன் கணிப்பைப் பொறுத்தது. அந்தப் பொருத்தை மாற்றினால் கணிப்பு பிசகும், மறு அளவீடு தேவைப்படும். பயணியும் ஹெல்மெட் அணிந்து கூரையில் முட்டினால் ஒழிய, அந்த இருக்கையை விட்டுவிடுங்கள்.