அந்த ‘அவன்’ எங்கிருந்து வந்தான்?

கேள்வி: புதிய வேதாகம மொழிபெயர்ப்புகளில் ‘சகோதரரே’ என்ற இடத்தில் ‘சகோதர சகோதரிகளே’ என்று போடுகிறார்கள். ஆண் மொழிபெயர்ப்பாளர்கள் பெண்களை மறைத்துவிட்டார்கள் என்று காரணமும் சொல்கிறார்கள். காலத்துக்கு ஏற்றபடி வேத வசனத்தில் கைவைப்பது தகுமா?

பதில்: கைவைக்கக் கூடாது என்பதில் நீங்களும் நானும் ஒரே கட்சி. முதலில் கைவைத்தது யார் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்கவில்லை.

ரோமர் 16:7-ஐ எடுங்கள். அன்றோனீக்கு, யூனியா என்ற இருவரையும் ‘அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்’ என்று பவுல் வாழ்த்துகிறார். யூனியா என்பது அன்றைய ரோமில் தெருவுக்குத் தெரு கேட்ட பெண் பெயர். கல்வெட்டுகளில் நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. கிரேக்க மொழியிலேயே பிறந்து வளர்ந்த சபைப் பிதா கிறிசோஸ்தம், நான்காம் நூற்றாண்டில், அப்போஸ்தலர் என்ற பெயருக்கே தகுதி பெற்ற இந்தப் பெண்ணின் ஞானம்தான் எத்தகையது என்று வியந்து பேசினார். (அவர் ஒன்றும் பெண்ணுரிமைப் போராளி அல்லர். பெண்கள் சபையில் போதிப்பதை எதிர்த்தவர்.)

பின்னால் வந்தவர்களுக்கு ஒரு பெண் அப்போஸ்தலர் உறுத்தலாக இருந்தார். ‘யூனியாஸ்’ என்றோர் ஆண் பிறந்தான். அக்காலக் கல்வெட்டு எதிலும் இல்லாத ஆண். லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அவனை ஏற்றுக்கொண்டது. 1927-இல், அறிஞர்கள் கையாளும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பும் ஏற்றுக்கொண்டது. எப்படி? ஒரு குறியை மாற்றி. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் உச்சரிப்புக் குறிகள் கிடையாது. பின்னால் வந்தவர்கள் இட்டவை அவை. நம் ஓலைச் சுவடிகளில் புள்ளி இருக்காது, பதிப்பாசிரியர்தான் வைக்க வேண்டும் அல்லவா, அதைப் போல. குறியை ஓர் எழுத்தின் மேல் வைத்தால் பெண், இன்னோர் எழுத்தின் மேல் வைத்தால் ஆண். 1946-இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு, மூலத்தில் இல்லாத ‘ஆண்கள்’ என்ற சொல்லையே சேர்த்துவிட்டது. 1998-இல்தான் கிரேக்கப் பதிப்பில் அந்தக் குறி பழைய இடத்துக்குத் திரும்பியது. இதைத் திணிப்பு என்பீர்களா, மீட்பு என்பீர்களா?

பெயர் பெண்ணுக்குத் திரும்பிய பிறகு, ‘அப்போஸ்தலருக்குள்’ என்பதை ‘அப்போஸ்தலர்களுக்கு நன்கு தெரிந்த’ என்று மாற்றி எழுதும் மொழிபெயர்ப்புகள் வந்திருக்கின்றன. இலக்கணக் காரணம் சொல்கிறார்கள், இருக்கலாம். பெயர் ஆணாக இருந்தவரை அந்த ஐயம் பெரிதாக எழவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நம் பழைய தமிழ் வேதாகமத்தையும் பாருங்கள். அதே அதிகாரத்தில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள் என்று பெண்களுக்கெல்லாம் ‘ஆள்’ விகுதி கிடைக்கிறது. யூனியாவுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. வெறும் ‘யூனியாவையும்’.

எல்லாப் பழியையும் மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டவும் நான் தயாரில்லை. பெபேயாள் வகித்த பொறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் பவுலுக்குச் சொல்லும்போது ‘மினிஸ்டர்’ என்று எழுதிய 1611-ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு, அவளுக்கு மட்டும் ‘சர்வன்ட்’ என்று எழுதியது. தமிழோ நியாயமாக நடந்துகொண்டது: பவுலும் அப்பொல்லோவும் ஊழியக்காரர், பெபேயாள் ஊழியக்காரி. ஆனால் ‘ஊழியக்காரர்’ என்றால் நமக்குப் பிரசங்க பீடம் நினைவுக்கு வருகிறது, ‘ஊழியக்காரி’ என்றால் துடைப்பம் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோளாறு அச்சில் இல்லை, நம் காதில் இருக்கிறது.

‘ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான்’ என்ற வசனம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். கிரேக்கத்தில் அங்கே இருப்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒரு சொல். ‘அவன்’ என்பதே கிடையாது. தமிழ் வினைமுற்று பால் காட்டியாக வேண்டும் என்பதால் ‘இருக்கிறான்’ நுழைந்தது. சதி என்று சொல்ல மாட்டேன். வள்ளுவரும் ‘ஒருவற்கு’ (ஒருவனுக்கு) என்றுதான் எழுதினார். ஆனால் ‘ஒருவர்’ என்ற சொல் கைவசம் இருக்கும்போது அதைப் போடுவது வேதத்தைத் திருத்துவது ஆகாது, மொழிபெயர்ப்பைத் திருத்துவது.

அதற்காக எங்கும் பொதுச்சொல் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். சங்கீதம் 68:11-இல் நற்செய்தி அறிவிப்பவர்கள் எபிரெயத்தில் தெளிவாகப் பெண்பால். தமிழில் ‘பிரசித்தப்படுத்துகிறவர்களின் கூட்டம் மிகுதி’. பலர்பாலுக்குள் அத்தனை பெண்களும் மறைந்துபோனார்கள். மறுபக்கம், பெண் உபதேசிக்க அனுமதியில்லை என்னும் 1 தீமோத்தேயு 2:12-ஐ நம் காலத்துக்காக இனிப்பாக்கித் தருபவர்களையும் நான் நம்பமாட்டேன். கசப்பாக இருந்தால் கசப்பாகவே தரவேண்டும். விவாதத்தை விளக்கவுரையில் வைத்துக்கொள்ளலாம்.

‘சகோதரரே’ விஷயத்துக்கு வருகிறேன். பவுலின் கடிதங்கள் சபை முழுவதற்கும் வாசிக்கப்பட்டவை, அங்கே பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கிரேக்கப் பன்மை இருபாலரையும் சேர்த்துச் சொல்லும். ஆகவே ‘சகோதர சகோதரிகளே’ சரியே.

கடைசியாக, கொலோசெயர் 4:15. லவோதிக்கேயாவில் நிம்பா என்பவர் வீட்டில் ஒரு சபை கூடியது. கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அது ஓர் ஆணின் வீடு. வத்திக்கான் சுவடி போன்ற மிகப் பழைய சாட்சியில் பெண்ணின் வீடு. உங்கள் கையில் இருக்கும் வேதாகமத்தில் அந்த வீடு ‘அவன்’ வீடா, ‘அவள்’ வீடா என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.