வாசகர் கேள்வி, பயணி பதில்: செம்பாறைச் சீமையில் ஒரு வாரம்

கேள்வி: டென்வரில் வேலை பார்க்கும் என் மகன், நாங்கள் அக்டோபர் தொடக்கத்தில் வரும்போது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஒரே வாரத்தில் காரில் சுற்றிக் காட்டுகிறேன் என்கிறான். எனக்கும் கணவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. அவருக்கு முழங்கால் வலி வேறு. ஒத்துவருமா?
(வாசகி, திருச்சி)

பதில்: ஐந்தையும் பார்த்ததாக ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் அம்மா, பார்க்க முடியாது. இரண்டை வெட்டச் சொல்லுங்கள். நானாக இருந்தால் கேனியன்லாண்ட்ஸும் சயானும்தான். சயான் பேரழகுதான். ஆனால் டென்வரிலிருந்து பார்த்தால் அது கடைசிக் கோடி. அதோடு, ஆண்டின் பெரும்பகுதி பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காரை விடமாட்டார்கள், பூங்காவின் இலவச பஸ்ஸில்தான் ஏற வேண்டும். கார்ப் பயணத்துக்கு அது எதற்கு?

மோவாப் ஊரில் தங்கி ஆர்ச்சஸ் பூங்காவைப் பாருங்கள். டெலிகேட் ஆர்ச் என்ற புகழ்பெற்ற வளைவுக்குப் போய்வர 3 மைல் நடை, பாதி தூரம் வழுக்குப்பாறை ஏற்றம். உங்கள் கணவர் அதை மறந்துவிடட்டும். வின்டோஸ் பகுதியில் காரை நிறுத்திச் சிறிது நடந்தாலே பெரிய வளைவுகள் எதிரே நிற்கும்.

பிறகு 24ஆம் எண் சாலையில் கேபிட்டல் ரீஃப் பூங்கா. அங்கே ஃப்ரூட்டா என்ற இடத்தில் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்களைப் பூங்காவே பராமரிக்கிறது. சிவப்பு மலைக்கு அடியில் ஆப்பிள் மரம்! பறிக்கலாம் என்று பலகை இருக்கும் தோட்டத்தில் நீங்களே பறித்து, எடை போட்டுக் காசு கட்டலாம்.

மறுநாள்தான் உண்மையான விருந்து. பக்கத்து ஊரான டோரியிலிருந்து பிரைஸ் கேனியன் பூங்காவுக்குப் போகும் 12ஆம் எண் சாலை. வாழ்நாளெல்லாம் சாலை போட்டுச் சம்பளம் வாங்கிய எனக்கு, அதைப் போட்டவர்கள்மீது பொறாமைதான். முதலில் போல்டர் மலை, 9,600 அடி வரை ஏற்றம், அந்தப் பருவத்தில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். போல்டர் ஊரைத் தாண்டியதும் 'ஹாக்பேக்': மலைமுதுகின் மேல் சாலை, இருபுறமும் பாதாளம், தடுப்பும் இராது. அந்த இடத்தில் மகன் காட்சியைப் பார்க்கக் கூடாது, நீங்கள் இருவரும் பார்த்தால் போதும். மூன்று மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரம்தான். முழுப் பகலையும் அதற்குக் கொடுங்கள். அந்தி சாய்ந்தால் மான்கள் குறுக்கே பாயும்.

பிரைஸில் சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் நடுவே தளம் போட்ட பாதை, அரை மைல், ஏறக்குறையச் சமதளம். முழங்காலுக்குப் பயமில்லை. 8,000 அடிக்கு மேல் என்பதால் விடியற்காலையில் நீர் உறையும். ஸ்வெட்டர் போதாது, கோட்டு வேண்டும்.

டென்வருக்குத் திரும்பும்போது சலைனா ஊரில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து கிரீன் ரிவர் வரை ஐ-70 நெடுஞ்சாலையில் 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது.

கேள்வி: அந்தப் பாறைகள் ஏன் அவ்வளவு சிவப்பு?
(மாணவர், தேனி)

பதில்: துரு. மணல் துகளைச் சுற்றி இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. நிலத்தடியில் ஓடிய நீர் அதைக் கரைத்துக்கொண்டு போன இடங்களில் அதே பாறை வெளுத்திருக்கும்.

கேள்வி: தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் வாங்கிவிட்டோம். மான்யுமென்ட் வேலிக்கும் அது செல்லுமா?
(வாசகர், மதுரை)

பதில்: செல்லாது. அது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் சொந்த நிலம், 1958இல் அவர்களே அமைத்த பூங்கா. கட்டணம் தனி, அவர்களுக்குத்தான் போகிறது, மகிழ்ச்சியாகக் கொடுங்கள். உள்ளே 17 மைல் மண் சாலை. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண் சாலையை அனுமதிப்பதில்லை. நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் ஏறிக்கொள்ளுங்கள், பொதுப் பாதைக்கு அப்பாலும் அழைத்துப் போவார். மது அங்கே சட்டப்படி தடை. கோடையில் கடிகாரத்தையும் கவனியுங்கள்: அமெரிக்காவில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவார்கள். அரிசோனா மாநிலம் அப்படித் தள்ளுவதில்லை, நவஹோக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாடு தள்ளும். முன்பதிவு செய்தவரிடம் "உங்கள் நேரமா, அரிசோனா நேரமா?" என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.