டல்ஹௌசி போகும்போது சம்பாவுக்கு ஒரு நாள் ஒதுக்குவது வீணா?

நான்கு நாள் பயணம், இமாச்சலப் பிரதேசத்து டல்ஹௌசியில் அறை எடுத்தாயிற்று, 24 கிலோமீட்டரில் இருக்கும் கஜ்ஜியாருக்கும் போகிறோம், இதில் சம்பாவுக்கு ஒரு நாள் கொடுப்பது வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணில்லை, ஒரு நாள் போதாது என்பதுதான் சிக்கல். முடிந்தால் சம்பாவில் இரண்டு ராத்திரி தங்குங்கள். நான் நேர்மாறாகச் செய்து அவஸ்தைப்பட்டவன்.

அம்மா, மனைவியோடு போயிருந்தேன். பயண ஏஜென்ட் கொடுத்த தாளில் "சம்பா: 2 மணி நேரம்" என்று இருந்தது. மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கி, அம்மா வழியில் வாந்தி எடுத்து, ஒருவழியாக பூரி சிங் அருங்காட்சியகத்தின் வாசலுக்குப் போனால் பூட்டு. அன்று திங்கட்கிழமை. யாரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. மறுநாள் டாக்சிக்குத் தனியாகக் காசு கொடுத்து மறுபடி இறங்கினோம். அந்த இரண்டாவது நாள்தான் மொத்தப் பயணத்திலும் உருப்படியான நாள்.

சம்பா சுமார் 1,000 மீட்டர் உயரம், பெங்களூரைவிடக் கொஞ்சம் கூட. அதனால் மே, ஜூனில் வெயில் அடிக்கும், குளுகுளு என்று எதிர்பார்க்காதீர்கள். ராவி ஆற்றங்கரை ஊர். 920 வாக்கில் ராஜா சாஹில் வர்மன் தலைநகரை இங்கே மாற்றி, மகள் சம்பாவதியின் பெயரை வைத்தார் என்பது வழக்கு. ஊருக்குத் தண்ணீர் வருவதற்காக ராணி உயிரோடு சமாதியானாள் என்றும் ஒரு கதை உண்டு. அவளுக்காக நடக்கும் சூஹி திருவிழா பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான்.

லக்ஷ்மி நாராயண் கோவில் வளாகத்தில் ஆறு கல் விமானங்கள் வரிசையாக நிற்கின்றன. மூன்று விஷ்ணுவுக்கு, மூன்று சிவனுக்கு. ஒவ்வொன்றின் தலையிலும் மரத்தில் குடை மாதிரி ஒரு கூரை. பனி தங்காமல் வழிவதற்காம். "சாமிக்குக் குடை பிடிப்பாங்க, இங்க கோபுரத்துக்கே பிடிச்சிருக்காங்க" என்றார் அம்மா.

இப்போது இந்த ஊரின் பூவேலைத் துணியான சம்பா ரூமாலுக்கு வருகிறேன். பெயரைக் கேட்டு கர்ச்சீப் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணத்திலும் கோவிலிலும் சீர்த்தட்டை மூடுவதற்கான துணி இது. மெல்லிய மஸ்லினில் ஓவியர் கரியால் கோடு போட்டுக் கொடுப்பார். பெண்கள் முறுக்காத பட்டு நூலால் அதை நிரப்புவார்கள். ராஸலீலை, வேட்டை, கல்யாணக் காட்சி என்று இந்த மலைப்பகுதியின் பஹாரி ஓவியங்களில் வருவதெல்லாம் இதிலும் வரும்.

தைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளின் வீட்டில் எங்களுக்கு ஒன்றைக் காட்டினார்கள். துணிக்கடையில் எந்தப் புடவையை எடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பது என் அம்மாவின் பழக்கம். இதையும் திருப்பினார். பிறகு மறுபடி திருப்பினார். மூன்றாவது தடவை என்னிடம், "டேய், எது நல்ல பக்கம்?" இரண்டும்தான். தோ-ருக்கா என்ற இந்தத் தையலில் ஊசி போகும்போதும் வரும்போதும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிரம்புகிறது. முடிச்சு எங்கேயும் தெரியாது. நூல் நுனியைத் தையலுக்கு அடியிலேயே ஓட்டி மறைத்துவிடுகிறார்கள். என் மனைவி ஆரி வேலை பார்ப்பவள். பின்பக்கம் நூல் குப்பையாகக் கிடப்பதுதான் அவளுக்குப் பழக்கம். பத்து நிமிஷம் பேசவே இல்லை.

வாங்கும்போதும் அதே சோதனைதான்: திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முடிச்சோ தொங்கும் நூலோ தெரிந்தால் அது சம்பா ரூமால் இல்லை. அளவு பெரிதானால் தைத்து முடிக்க மாதக்கணக்கில் ஆகுமாம், அதனால் விலையைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். நாங்கள் உள்ளங்கை அளவில் ஒன்றுதான் வாங்கினோம். இந்தக் கலையைச் சொல்லிக்கொடுத்து வளர்த்த லலிதா வகீலுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பழைய ரூமால்களைப் பார்க்கத்தான் அருங்காட்சியகம், 1908-இல் தொடங்கியது. ஜரி வேலை செய்த தோல் செருப்பும் இந்த ஊர்ச் சரக்குதான், கடைத்தெருவில் கிடைக்கும்.

ஜூலைக் கடைசியில் போனால் மிஞ்ஜர் திருவிழா இருக்கும். மிஞ்ஜர் என்றால் மக்காச்சோளக் கதிர்ப்பூ. அதைப் போலப் பட்டு, ஜரியில் செய்த குஞ்சத்தை உடையில் குத்திக்கொள்வார்கள். ரகுவீரருக்கு (ராமருக்கு) சாத்தும் முதல் மிஞ்ஜரைப் பரம்பரையாகச் செய்து தருவது ஒரு முஸ்லிம் குடும்பம். ஆனால் அது மழைக்காலம், மலைச்சரிவு நடக்கும். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போக நான் சொல்லமாட்டேன்.

டல்ஹௌசி மோசமில்லை. 2,000 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம கொடைக்கானல். ஆங்கிலேயர்கள் 1850-களில் சம்பா ராஜாவிடமிருந்து ஐந்து குன்றுகளை வாங்கிக் கட்டிய ஊர், ஆக அதுவும் பழைய சம்பா மண்தான். காந்தி சௌக்குக்கும் சுபாஷ் சௌக்குக்கும் நடுவே வெயில் விழும் பாதை கரம் சடக், நிழல் பாதை தண்டி சடக். காலையில் முதலாவதில் நடங்கள். ஊருக்குப் பக்கத்தில் பஞ்ச்புலாவில் பகத்சிங்கின் சித்தப்பா அஜித் சிங்கின் நினைவிடம் உள்ளது. 1947 ஆகஸ்ட் 15 அன்று டல்ஹௌசியில்தான் அவர் இறந்தார். கஜ்ஜியார் புல்வெளி அழகு. 'மினி ஸ்விட்சர்லாந்து' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஏரியை மட்டும் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள், குட்டைதான்.

வழி: பதான்கோட் கண்டோன்மென்டில் நிற்கும் கத்ரா (வைஷ்ணோ தேவி கோவிலுக்கான ஊர்) ரயில் ஏதாவதொன்றில் வந்து அங்கே இறங்கி, முதலில் நேரே சம்பா (சுமார் 120 கிலோமீட்டர்). பிறகு கஜ்ஜியார் வழியாக டல்ஹௌசி ஏறி, அங்கிருந்து திரும்பிவிடலாம். சம்பாவுக்கும் டல்ஹௌசிக்கும் நடுவே ஒரே பாதையில் இரண்டு தடவை போகவேண்டாம்.

சம்பாவில் சுக் என்று ஒரு மிளகாய்ச் சட்னி விற்கிறார்கள். தயிர்சாதத்துக்கு அபாரம். பாட்டிலை மட்டும் இரண்டு பாலித்தீன் பையில் சுற்றிக் கட்டுங்கள். என் ஸ்வெட்டரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.