ராணுவ அதிகாரி கார்டு கொடுத்தார், அடுத்து என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் 8 பேர் கொண்ட சிறு நிறுவனம். தொழிற்சாலை மோட்டார்களின் அதிர்வை அளந்து, பேரிங் தேய்வதை முன்கூட்டியே சொல்லும் கருவியைச் செய்து விற்கிறோம். ஒரு கண்காட்சியில் ராணுவ அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை எங்கள் வண்டிகளில் பொருத்த முடியுமா?" என்று கேட்டார், கார்டும் கொடுத்தார். எங்கே தொடங்குவது? அரசு நிதி கிடைக்குமா? கண்டுபிடிப்பு எங்கள் கையை விட்டுப் போய்விடுமா? இருக்கிற வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு இதில் முழுதாக இறங்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கார்டைப் பற்றிப் பேசிவிடலாம். உங்களிடம் பேசியவருக்குத் தேவை தெரியும். ஆனால் வாங்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. ராணுவத்தில் கருவியைப் பயன்படுத்துபவர் ஒருவர், அதற்குப் பணம் ஒதுக்குபவர் இன்னொருவர், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் மூன்றாமவர். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உங்கள் அதிகாரி செய்யக்கூடிய பெரிய உதவி, "இந்தப் பிரச்சினை எங்களுக்கு உண்மையாகவே இருக்கிறது" என்று எழுத்தில் கொடுப்பதுதான். அதைக் கேட்டு வாங்குங்கள்.

நிதி கிடைக்கும். அமெரிக்காவில் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கு அரசு பணம் தரும் எஸ்பிஐஆர் (SBIR) திட்டம் 1982 சட்டத்தில் பிறந்தது. இந்தியாவில் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் (iDEX) திட்டம் 2018 முதல் நடக்கிறது. நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகளுக்கு இதே மாதிரி டயானா (DIANA) என்ற திட்டம் இருக்கிறது. இவை மானியமாகவோ மேம்பாட்டு ஒப்பந்தமாகவோ பணம் தருகின்றன, பதிலுக்கு நிறுவனத்தில் பங்கு பெரும்பாலும் கேட்பதில்லை. ஐடெக்ஸில் நிறுவனமும் தன் பங்குக்குச் செலவில் ஏறக்குறைய பாதியைப் போட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பாதி எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தப் பணம் கருவியை உருவாக்குவதற்கான பணம். வாங்குவதற்கான பணம் வேறு பையில் இருக்கிறது. எஸ்பிஐஆரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் சுமார் 6 மாதம், யோசனை நடக்குமா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சுமார் 2 வருடம், மாதிரிக் கருவி செய்வீர்கள். மூன்றாம் கட்டம்தான் உண்மையான விற்பனை. அதற்கு இந்தத் திட்டத்தின் பணம் ஒரு பைசாகூடக் கிடையாது. ராணுவத்தின் வேறொரு பிரிவு தன் பட்ஜெட்டில் அதற்கு இடம் வைத்திருக்க வேண்டும், அந்த பட்ஜெட்டோ ஓரிரு வருடம் முன்பே எழுதி முடித்ததாக இருக்கும். நல்ல மாதிரியைச் செய்து, சோதனையிலும் ஜெயித்து, ஆர்டருக்குக் காத்திருந்தே சம்பளம் போட முடியாமல் மூடிய நிறுவனங்கள் உண்டு. இந்த இடைவெளிக்குத் துறையில் 'மரணப் பள்ளத்தாக்கு' என்றே பெயர். ஆகவே நிதிக்கு விண்ணப்பம் எழுதும் அன்றே, பிறகு வாங்கப்போகும் பிரிவு எது, அது எந்த வருட பட்ஜெட்டில் இதைச் சேர்க்கும் என்று விசாரித்துவிடுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். என்ன, விற்பனையை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அப்புறம் சோதனை. சிறு நிறுவனங்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தொழிற்சாலை மோட்டார் ஒரே இடத்தில், அனேகமாக ஒரே வேகத்தில் ஓடுகிறது. வண்டி எஞ்சினின் வேகம் நொடிக்கு நொடி மாறும். பேரிங் தேய்வைக் காட்டும் அதிர்வெண்ணும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற சிக்னலையும் உங்கள் பெட்டி வாங்கிக்கொள்ளாவிட்டால் கணக்கு தப்பும். டாங்கி மாதிரி சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், பட்டை தரையில் அடிக்கிற அடியில் உங்கள் சின்னச் சிக்னல் அமுங்கிப்போகும். மென்பொருளில் பாதியையாவது திரும்ப எழுத வேண்டிவரும் என்று இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கும் சோதனை உண்டு. பல நாடுகளில் அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் அமெரிக்கத் தரம் மில்-எஸ்டிடி-810. வெப்பம், குளிர், அதிர்வு, மணல், உப்பு கலந்த மூடுபனி என்று அதில் நிறைய முறைகள். கையில் தூக்கிச் செல்லும் பொருளுக்கான விழும் சோதனையைப் பாருங்கள்: ஒரு பெட்டிக்கு 6 பக்கம், 12 விளிம்பு, 8 மூலை, ஆக 26. ஒவ்வொன்றும் கீழே படும்படி 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள். அந்த 26 முறையை 5 மாதிரிகளுக்குப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று தரமே இடம் கொடுக்கிறது. அதாவது ஒரே பெட்டி 26 அடியையும் தாங்க வேண்டியதில்லை. 'மிலிட்டரி கிரேடு' போன் விளம்பரம் பார்க்கும்போது இது எனக்கு ஞாபகம் வரும்.

இந்தத் தரத்துக்கு 'பாஸ்' என்று சான்றிதழ் தரும் அரசு அலுவலகம் எதுவும் இல்லை. கருவி எங்கே, எப்படிப் பயன்படப்போகிறதோ அதற்கேற்பச் சோதனைகளைத் தேர்ந்தெடு என்பதுதான் தரத்தின் அடிப்படையே. எனவே எல்லாச் சோதனைக்கும் பணம் கட்டாதீர்கள். எந்த வண்டியில், எந்த இடத்தில் பொருத்துவார்கள் என்று அதிகாரியிடம் கேட்டு, அதற்குத் தேவையானதை மட்டும் செய்யுங்கள். மின்காந்த இடையூறுக்கு மில்-எஸ்டிடி-461 என்ற தரம் தனியாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற ரேடியோவை உங்கள் பெட்டி கெடுத்தால் மற்ற எதுவும் எடுபடாது.

ஒருமுறை நான் உடனிருந்த அதிர்வுச் சோதனையில் சர்க்யூட் போர்டு ஒரு குறையும் இல்லாமல் தப்பித்தது. கழன்று விழுந்தது சாதாரண யுஎஸ்பி சொருகி. அதை மாற்ற வெளிப்பெட்டியையே திரும்ப வடிவமைக்க வேண்டியதாயிற்று. தடித்த கையுறை போட்ட கையால் உங்கள் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரவுப் பார்வைக் கருவி போட்டவர் கண்ணுக்கு உங்கள் குட்டிப் பச்சை விளக்கு எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்றும் கேளுங்கள். அதை அணைக்க வழி வேண்டும்.

உரிமை பற்றிய பயம் நியாயமானது, ஆனால் சமாளிக்கக்கூடியது. அரசுப் பணம் வரும் முன்பே உங்கள் கையில் இருந்தவை எவை என்று தேதியோடு பட்டியல் போட்டு, ஒப்பந்தத்தோடு இணையுங்கள். எஸ்பிஐஆரில் உருவான தொழில்நுட்பத் தகவலுக்கு 20 வருடப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கொடுக்கிற கோப்பில் உரிமை வாசகம் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த வாசகம் இல்லாமல் கொடுத்தால் அரசு அதை எல்லையில்லாமல் பயன்படுத்தலாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். கோப்பு அனுப்புவது யார் வேலை என்று முடிவுசெய்து, அவருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

ஏற்றுமதிச் சட்டத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வரைபடத்தை வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் செய்வதும் ஏற்றுமதிதான். அமெரிக்காவில், நிறுவனத்துக்குள் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்குக் காட்டினாலே ஏற்றுமதியாகிவிடும். விலை குறைந்த வெப்பக் கேமராக்கள் பல நொடிக்கு 9 படம் மட்டும் எடுப்பது ஏன் தெரியுமா? அந்த வேகத்தைத் தாண்டினால் ஏற்றுமதிக் கட்டுப்பாடு இறுகும். ராணுவத்துக்கென்று நீங்கள் சேர்க்கும் ஒரு வசதி, பழைய தொழிற்சாலைக் கருவியையும் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் இழுத்துவிடலாம். இரண்டுக்கும் தனித்தனி மாடல் எண்ணும் தனித்தனி மென்பொருளும் வைத்துக்கொள்ளுங்கள்.

பாகங்களையும் பாருங்கள். எந்தச் சிப் எந்த நாட்டில் செய்தது என்று கேட்பார்கள். ட்ரோன்களில் சீனப் பாகங்கள் விஷயத்தில் அமெரிக்காவும் இந்தியாவும் கறாராக இருக்கின்றன. இன்னொன்று, கடைச் சிப்பின் தயாரிப்பு சில வருடத்தில் நின்றுபோகும், ராணுவ வாகனமோ பல பத்தாண்டு ஓடும். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் கடைசி உற்பத்தி 1962இல் முடிந்தது, இன்றும் பறக்கிறது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன்: தொழிற்சாலை வாடிக்கையாளர்களை விடவே விடாதீர்கள். அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனத்தைப் பாருங்கள்: அவர்களுடைய பேக்பாட் ரோபோ ராணுவத்தோடு ஆப்கானிஸ்தானுக்குப் போனதும், வீடு கூட்டும் ரூம்பா ரோபோ விற்பனைக்கு வந்ததும் அதே 2002இல். ஆர்டர் வரும்வரை சம்பளம் போடப்போவது அந்த மோட்டார்காரர்கள்தான். 8 பேரில் இரண்டு பேரை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள்.

சரி, இந்த வாரம் அதிகாரிக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். விலை வேண்டாம், நிறுவன வரலாறும் வேண்டாம். இப்போது எந்த வண்டியில் எந்தப் பேரிங் எத்தனை நாளுக்கு ஒருமுறை கெடுகிறது, கெட்டால் வண்டி எத்தனை நாள் நிற்கிறது என்று கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டி ஒன்றில் ஒரு மாதம் சென்சார் பொருத்திப் பார்க்க அனுமதியும் கேளுங்கள்.